பேன் சீப்பும் கொண்டை ஊசியும்

மூன்று ஞாயிறு வாரியும் குயிலியின் தலையில் பேன் ஒழியவில்லை.

"சீப்பு சரியில்ல. அடுத்த ஞாயிறும் பேன் இருந்தா இதைக் குப்பையில போடுறேன்," என்றாள் அவள் அம்மா பவளம்.

பேன் சீப்புக்கு ஒன்றும் ஓடவில்லை. பல் ஒன்றுகூட உடையவில்லை. ஞாயிறன்று சுத்தமாக இருந்த தலைக்குப் புதனுக்குள் பேன்கள் எங்கிருந்து வருகின்றன? பவளம் குளிக்கப் போகும்போது பக்கத்தில் கழற்றி வைத்த கொண்டை ஊசியிடம் சீப்பு கேட்டது.

"எங்க கொண்டையிலேருந்துதான். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே தலையணை. படுத்ததும் கிளம்பிடுதுங்க," என்றது ஊசி.

"உளறாதே. பவளம்தான் பேன் பார்க்கிறவ. அவ தலையில எப்படிய்யா இருக்கும்?"

"அவ தலையை யாரு பார்த்தா?"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீ கேட்டியா?"

சீப்பு இன்னும் குழம்பிப் போனது. பார்க்கிறவளுக்கே இருந்தால் யார் பார்ப்பது?

ஞாயிறு வந்தது. பவளம் குனிந்து வாரும்போது ஊசி மெல்ல நழுவிக்கொண்டது. கொண்டை அவிழ்ந்து மகள் தோளில் விழுந்தது.

"அம்மா, உன் முடியில ஒண்ணு ஓடுது."

"பேசாம இருடி."

"இப்ப ரெண்டு ஓடுது. நீ உக்காரு."

சீப்பைப் பிடுங்கி, அம்மாவின் தலையைக் குனியவைத்து வாரினாள் மகள். அதன்பின் ஞாயிறுதோறும் இரண்டு தலையையும் வாரினார்கள். மாதம் முடிவதற்குள் பேன் ஒழிந்தது. சீப்பு குப்பைக்குப் போகாமல் பிழைத்தது, ஊசியால்.