மெத்தையாகக் கிடந்த சட்டை

தன் தங்கையைக் கட்டிய கயத்தானோடு தொம்மை பதினோரு வருடமாக ஒரே படகில் கடலுக்குப் போகிறான். புயல் கூண்டு ஏற்றிய நாளில்கூட லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் கயத்தான். இன்று கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. இன்றைக்குப் போய் அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

கரை மறைகிறவரை பொறுத்துப் பார்த்த தொம்மை, “என்ன மச்சான், இன்னிக்கி ஏற்பாடெல்லாம் பலமா இருக்கு?” என்றான்.

கயத்தான் மார்பு நாடாவை இன்னும் ஒரு பிடி இறுக்கினான். “ஒந்தங்கச்சிதான். கெட்ட கனா கண்டாளாம். போட்டாத்தான் விடுவேன்னு வாசல்ல நின்னுட்டா.”

“என்ன கனா?”

“நம்ம படகுதானாம். ரெண்டு பேர் போயி ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தானாம்.”

“எவன்?”

“மூஞ்சி தெரியலயாம். ஜாக்கெட் போட்டிருந்தானாம்.”

தொம்மைக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. “எங்கிட்ட ஒண்ணும் சொல்லச் சொல்லலயா அவ?”

“இல்லயே.”

தொம்மையின் கண் பின்பலகைக்குப் போனது. எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு மெத்தையாக இருக்கட்டும் என்று தன் ஜாக்கெட்டை அங்கே மடித்துப் போட்டவன் அவனேதான். அதன்மேல்தான் கயத்தான் உட்கார்ந்திருந்தான்.

“மச்சான், கொஞ்சம் எந்திரி.”

கயத்தான் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி எஞ்சினை அணைத்தான்.

“எதுக்கு மாப்ள?”