எழுத்து உள்பக்கம்

"இதைத் திருட்டுன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?"

திலக்ஷன் போனை நீட்டினான். கண்டியில் தண்ணீர்ப் போத்தல் விற்கும் ஒரு கம்பனியின் விளம்பர அதிகாரி. மடுல்கெல்ல வரைக்கும் மலை ஏறி வந்ததில் சட்டைக் கொலர் தூறலில் நனைந்திருந்தது. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் பேசினான்.

போனில் இருந்த படத்தில் தேயிலைத் தோட்டத்து அங்கம்மா குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்கில், சரியாகப் பின்பக்கம், கம்பனியின் பெயர். அதற்குக் கீழே, 'நம் சுற்றாடல், நம் பொறுப்பு'.

ராக்கம்மா தையல் மெசினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அங்கம்மாவுக்கு அளவு நல்லாத்தான் இருக்கு."

அதுதான் ராக்கம்மாவின் தொழில். விழாவும் தேர்தலும் முடிந்து தூக்கி வீசும் பிளாஸ்டிக் பெனர்களை வெட்டி, கொழுந்து பறிக்கிற பெண்களுக்குப் படங்கு தைப்பது. தேயிலைச் செடியின் வாது இடுப்பைக் கீறாது, ஈரம் இறங்காது. மூன்று மெசின், மூன்று பெண்கள், பஜாரில் ஒரு சின்ன அறை.

"விளையாடாதீங்க. எங்க பெரியவரு வெளிநாட்டு ஆளுங்களக் கூட்டிட்டு வந்து தோட்டம் காட்டியிருக்காரு. எங்க கம்பனிப் பேரு ஒரு பொம்பளைக்குப் பின்னால ஆடுது. வந்தவங்க சிரிச்சிருக்காங்க. எவ்வளவு கேவலம்!"

"எழுத்த நாங்க எப்பவும் உள்பக்கம் வச்சுத்தான் தம்பி தைப்போம். எந்தக் கட்சி, எந்தக் கம்பனின்னு பாக்கிறதில்ல. உள்பக்கம் போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான். வழவழன்னு இருக்கிற பக்கம் வெளிய இருந்தா தண்ணி நிக்காதுன்னு அங்கம்மாவாத் திருப்பிக் கட்டியிருக்கா."

"அத விடுங்க. பெனர் யாரோடது? எங்களோடது. எங்கக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் பொலிஸ்ல என்ட்ரி போட்டா இந்த மெசினெல்லாம் தூக்கிட்டுப் போயிருவாங்க."

பக்கத்து மெசினில் இருந்த தர்ஷிகாவின் கால் மிதிப்பதை விட்டுவிட்டது. பெரிய மழைக்கு முன்னால் நாற்பது படங்கு தருவதாகத் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லியாகிவிட்டது. பதினொன்றுதான் முடிந்திருந்தது.

ராக்கம்மா எழுந்து செருப்பைப் போட்டாள்.

"வாங்க, போவோம்."

"எங்க?"

"பொலிசுக்குத்தான். பெனர் எங்க கெடந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? கீழ் லயத்துத் தண்ணிக் கான்ல கெடந்துச்சு. நீங்க மரம் நட்டு, படம் புடிச்சிட்டுப் போய் மூணு மாசம். கான் அடைச்சு ஊத்தத் தண்ணி ஆறு வீட்டுக்குள்ள போச்சு. இந்தக் கையாலதான் இழுத்து எடுத்தேன். நம் பொறுப்புன்னு போட்டிருந்துச்சு. சரி, யாராவது பொறுப்பு எடுக்கணும்லன்னு கொண்டுவந்தேன். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. எங்கிட்டயும் படம் இருக்கு."

அவளும் தன் போனை நீட்டினாள். சேற்றுக்குள் 'நம் சுற்றாடல்' வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

திலக்ஷன் கதிரையில் உட்கார்ந்தான். தைத்து முடித்த ஒரு படங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேத்தண்ணி வந்தது. குடித்தான்.

"உண்மையச் சொன்னா நல்ல வேலைதான் அக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது. "இனிமே நாங்க பிளாஸ்டிக்ல பெனர் அடிக்க மாட்டோம். துணியிலதான். அதுக்கு நான் பொறுப்பு. நீங்களும் எங்க பேரு வெளிய தெரியாமப் பாத்துக்கங்க."

"அது என் வாக்கு. எழுத்து உள்பக்கம். அங்கம்மாக்கிட்டயும் சொல்லிர்றேன்."

"உங்கள ஒரு படம் எடுத்துக்கவா? பெரியவருக்குக் காட்டணும்."

ராக்கம்மா முடியை ஒதுக்கிக்கொண்டு, படங்கைக் கையில் பிடித்துச் சிரித்தாள்.

அவன் போன பிறகு, "நல்ல மனுசன்தாங்க்கா," என்றாள் தர்ஷிகா. ராக்கம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. மனசு குளிர்ந்து அன்றைக்கு இரண்டு படங்கு கூடுதலாகத் தைத்தாள்.

நாற்பதும் கொடுத்து முடித்த மறுவாரம், தர்ஷிகா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, பஸ் தரிப்பிடத்துக்கு வாங்க. வந்து பாருங்க!"

தரிப்பிடச் சுவரை முழுசாக மறைத்துக்கொண்டு ஒரு புதுப் பெனர். அதில் கதவளவுக்கு ராக்கம்மாவின் முகம், கையில் படங்கு, அதே சிரிப்பு. மேலே நாலு தடவை, கீழே நாலு தடவை கம்பனியின் பெயர். 'வீசியதை வாழ்வாக்குவோம்: எமது மறுசுழற்சித் திட்டம். விருது விழா, ஞாயிறு காலை.'

ராக்கம்மாவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

"நம்ம வேலைய அவங்க திட்டம்னு போட்டிருக்காங்க! விருதும் அவங்களே எடுத்துக்கப் போறாங்க! சும்மா விடுறதா அக்கா?"

தர்ஷிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ராக்கம்மா கிட்டப் போய்ப் பெனரின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணி இல்லை. கானில் கிடந்ததைவிடத் தடிப்பான, மணம்கூடப் போகாத புதுப் பிளாஸ்டிக்.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கீழ் ஓரத்தில் நீட்டினாள். பன்னிரண்டு அடி. உயரத்தைக் கண்ணாலேயே அளந்தாள். எட்டு இருக்கும்.

"எட்டுப் படங்கு தேறும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை விருத வாங்கிட்டு இதக் கான்லதான் போடுவாங்க. திங்கக்கிழமை நேரத்தோட வந்துரு."

தர்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுத்து உள்பக்கம்தானேக்கா? வாக்குக் குடுத்திருக்கீங்க."

ராக்கம்மா நாடாவைச் சுருட்டினாள்.

"அவரு துணின்னு வாக்குக் குடுத்தாரு. இந்த எட்டுலயும் கம்பனிப் பேரு பின்பக்கம், வெளிய, நல்லாத் தெரியிற மாதிரித் தை."