யார் கை

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமி தொற்றி ஒரு பிள்ளை இறந்தால், அந்தக் கிருமி யார் கையிலிருந்து வந்தது என்று எழுதிய தாளையும் உடலோடு கொடுக்க வேண்டும். சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. அந்தத் தாளைப் பிள்ளையின் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவது நர்ஸ் ஜெரோஸ்லினின் வேலை.

அன்று வந்தது எட்டு மாதப் பையனின் தாள். அதில் இருந்த பெயர் அவனுடைய அம்மாவினுடையது. மாரிசெல்வி.

போன வியாழக்கிழமை மாரிசெல்வி கையுறையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்த மை டப்பியைத் திறந்து, பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். ஜெரோஸ்லின் ஓடி வருவதற்குள் வைத்து முடித்திருந்தாள்.

"யாரு கைன்னு போட்டிருக்கு சிஸ்டர்?" என்று இப்போது கேட்டாள். "எம்புள்ளையக் கொன்னது யாரு?"

ஜெரோஸ்லின் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்த தன் கையை நீட்டினாள்.

"இந்தக் கைதாம்மா."

"உனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா? நீ நாசமாத்தான் போவ!"

கத்தி ஓய்ந்தபின் மாரிசெல்வி இடுப்பிலிருந்து மை டப்பியை எடுத்தாள். அதே விரலால் பிள்ளையின் கன்னத்தில் இன்னொரு பொட்டு வைத்தாள்.

"இனி எவ கண்ணும் உம்மேல படாதுய்யா."

இந்த முறை ஜெரோஸ்லின் தடுக்கப் போகவில்லை.