வழியெல்லாம் ஸ்டூல்

"உட்கார்ந்துகிட்டு வீடு பெருக்குறவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

வாசற்படி தாண்டியதுமே அக்காக்காரி ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்தில் தம்பி பெண்டாட்டி ஸ்டூலில் உட்கார்ந்தபடி, நீளமான துடைப்பத்தால் கைக்கு எட்டின மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. இதோ முடிஞ்சிடும்."

"எங்க முடியப்போகுது? உட்கார்ந்து தின்னா மலையே கரையுமாம். நீ உட்கார்ந்து பெருக்குறதைப் பார்த்தா வீடே கரைஞ்சிடும் போலிருக்கு!"

அவள் சிரித்துவிட்டு எழுந்தாள். நாலடி தள்ளி இன்னொரு ஸ்டூல். அதிலும் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள்தான், இல்லை என்று யார் சொன்னது? இப்போதுதான் கன்னத்தில் சதை வைத்து ஆள் பளிச்சென்று இருக்கிறாளே!

பையைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறையில் ஒரு ஸ்டூல். படுக்கையறை வாசலில் ஒன்று. பாத்ரூம் போகிற வழியில் இன்னொன்று. அது மட்டும் மற்றவற்றைவிட உயரம். மேலே மெத்தை வேறு!

"மகாராணிக்கு மெத்தையும் கேட்குதோ? வீடா இது, பஸ் ஸ்டாண்டா?"

ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டாள். மெத்தை ஸ்டூலுக்கு வரும்போது முழங்கால் சுருக்கென்றது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், அதிலேயே கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தாள். பிறகு அதையும் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இப்ப நின்னு பெருக்கு. வளைஞ்சாத்தான் அது உடம்பு!"

தம்பி பெண்டாட்டி நின்றபடியே பெருக்கத் தொடங்கினாள். பாதிக் கூடத்தில் துடைப்பம் நின்றது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அய்யய்யோ! என்னம்மா பண்ணுது?"

"பயப்படாதீங்க அண்ணி... இதயம் கொஞ்சம் சோம்பேறி. வேலை செய், ஆனா நடுநடுவே உட்கார்ந்து செய்யுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அக்காக்காரி முழங்காலை மறந்து ஓடி ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்தாள். கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடி? வேலைக்கு ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதா?"

"உங்க தம்பியும் அதைத்தான் சொல்றார். என் வீட்டை நானே பெருக்கினாத்தான் பிழைச்சு வந்த மாதிரி இருக்கு அண்ணி."

அக்காக்காரி கொல்லைக்குத் திரும்பிப் போய் மற்ற ஸ்டூல்களையும் எடுத்து வந்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். கடைசியாக மெத்தை ஸ்டூல் கையில் இருந்தது.

"எல்லாம் புரியுது. பாத்ரூம் போற வழியில பெருக்க என்ன இருக்கு? அங்க எதுக்கு இது?"

தம்பி பெண்டாட்டி தயங்கினாள்.

"அது எனக்கில்லை அண்ணி. போன தடவை வந்தப்ப, அந்த வழியில நீங்க சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்ததைப் பார்த்தேன்."