ஒரேயொரு வாசகர்

ஈச்சமரத்துத் தூக்கணாங்குருவி புல்லில் குட்டிக் குட்டிப் பைகள் பின்னி விற்றது. விற்றது என்ன, விற்கப் பார்த்தது. அதற்காகவே ஒரு வலைப்பூ தொடங்கி, தினமும் ஒரு பையைப் படமெடுத்துப் போட்டு, அதைப் பின்னிய கதையையும் எழுதியது. பக்கத்தின் அடியில் 'இன்றைய பார்வைகள்: பூஜ்யம்' என்றே இருந்தது.

மரத்தடி வளையிலிருந்து எலி எட்டிப் பார்த்தது. "என்ன தங்கச்சி பின்றே?"

"எல்லாம் வலைப்பூவுல இருக்கு அண்ணே. அங்க போய்ப் படிங்க."

மறுநாள் 'இன்றைய பார்வைகள்: ஒன்று' என்றிருந்தது. குருவிக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஊர்க்காரரோ, எவ்வளவு பெரிய மனசோ! அன்றிலிருந்து அந்த ஒருவருக்காகவே எழுதியது. மழையில் புல் நனைந்ததை எழுதியது. தனியாகச் சாப்பிடுவதைக்கூட எழுதியது.

ஒருநாள் எலி கையில் நாலு நெல்மணியோடு மரமேறி வந்தது. "தங்கச்சி, நீ தனியா சாப்பிடறேன்னு..."

"அப்புறம் பேசலாம் அண்ணே. என் வாசகர் காத்துக்கிட்டிருப்பார்."

எலி நெல்லோடு இறங்கிப் போனது. அந்த வாரமே வேறு வயலுக்குக் குடிபோய்விட்டது. குருவி அதைக் கவனிக்கவில்லை.

பார்வைகள் மறுபடி பூஜ்யம் ஆயின. மூன்று நாள் பொறுத்துப் பார்த்த குருவி, இருப்பதிலேயே அழகான பையைப் படமெடுத்துப் போட்டு எழுதியது:

"அன்புள்ள வாசகரே, இது உங்களுக்காகவே பின்னியது. காசு வேண்டாம். ஒரே ஒருமுறை நேரில் வந்து வாங்கிக்கொள்ள மாட்டீர்களா?"

பை கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே, வளை வாசலில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.