நீ

சுவரில் தத்து மையம் பொருத்தியிருந்த விளக்கு இன்னும் மஞ்சளாகவே எரிந்தது. பிள்ளை இந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டால்தான் அது பச்சையாகும். இல்லாவிட்டால் நாளை இனெஸைப் போர்ச்சுகலுக்கே திருப்பி அழைத்துப்போய்விடுவார்கள். தத்தெடுக்கக் காத்திருந்த பூங்கோதை அந்த விளக்கையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

ஆறு வயது இனெஸ் என்னவோ தங்கமான பிள்ளைதான். காதில் மாட்டிய கருவி சொல்லிக்கொடுக்கும் தமிழில், "நன்றி அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று விருந்தாளி மாதிரி கேட்பாள்.

பூங்கோதை தலை வாரிவிடும்போது சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது. இனெஸ் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற தமிழில் கத்தினாள்.

"வலிக்குது! நீ ஒண்ணும் வார வேணாம், போம்மா!"

விளக்கு பச்சையானது.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நழுவிய சீப்பை எடுத்தாள்.

"நான் எங்கடி போறது? உக்காரு, இன்னும் பாதிச் சிக்கு இருக்கு."