முதல்ல என் வீட்டுக்கு

“முதல்ல என் வீட்டுக்குத்தான் போடணும்” என்றார் கழுதைக்காரர்.

ஊரே சுற்றிக் கூடியிருந்தது. இன்ஜினியருக்குச் சுருக்கென்றது.

கரண்ட் கம்பி இழுக்க வழியில்லாத மலை. அதனால் வீட்டுக்கு ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ரெண்டு பல்பு என்று திட்டம். அத்தனையையும் அடிவாரத்திலிருந்து சுமந்து வந்தவை இவருடைய கழுதைகள்தான். மேலே வந்து சேர்வதற்குள் மதியம் தாண்டிவிட்டது. இருட்டுவதற்குள் ஒரே ஒரு இடத்தில்தான் வேலையை முடிக்க முடியும்.

“இன்னிக்கு நர்ஸ் ரூமுக்குப் போடறோம்” என்றாள் இன்ஜினியர் பொறுமையாக. “மருந்து கொடுக்கிற இடம். நாளையிலேர்ந்து வரிசையா எல்லா வீட்டுக்கும் வரும். உங்களுக்கும்தான்.”

“நாளைக்கு இல்ல. இன்னிக்கு.”

“உங்களுக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?”

“அதெல்லாம் எதுக்கு? போட முடியுமா, முடியாதா?”

லைன்மேன் அவள் பக்கம் சாய்ந்தான். “வழியெல்லாம் இதே பாட்டுதான் மேடம். சரியான முந்திரிக்கொட்டை.”

இன்ஜினியர் கூட்டத்தைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. இது நியாயமா?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நர்ஸ்தான் முன்னால் வந்தாள்.

“அண்ணன் வீட்டுக்கே முதல்ல போட்டுடுங்க மேடம். என் ரூம் நாளைக்கு ஆகட்டும்.”

“யாராவது முடியாம வந்து நின்னா?”

“இத்தனை நாள் டார்ச்சை வெச்சுத்தானே ஓட்டினேன்?”

இன்ஜினியருக்குப் புரிந்துவிட்டது. உப்பிலிருந்து சோப்பு வரை இங்கே எல்லாம் ஏறி வருவது இந்த ஆளின் கழுதை முதுகில். பகைத்துக்கொண்டால் யார் வீட்டு அடுப்பும் எரியாது. ஊரையே கைக்குள் போட்டு வைத்திருக்கிறார்!

வந்த அன்றே தகராறு வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு, “நடங்க” என்றாள்.

ஒரே அறை கொண்ட வீடு. மூலையில் அடுப்பு. அதன் முன்னால் அவர் மனைவி இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் திமுதிமுவென்று நுழைந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

‘புருஷனுக்கேத்த பெண்டாட்டி’ என்று நினைத்துக்கொண்டாள் இன்ஜினியர்.

லைன்மேன் கூரையில் பேனலைப் பொருத்தி, வயரை உள்ளே இறக்கினான். பேட்டரியில் அடிவாரத்திலேயே சார்ஜ் ஏற்றி வந்திருந்தார்கள்.

“ஒரு பல்பு அடுப்புக்கு மேல. இன்னொன்னு வாசல்ல” என்றாள் இன்ஜினியர்.

“வாசல்ல வேணாம். ரெண்டும் உள்ளேயே. ஒன்னு இந்தச் சுவத்துல, ஒன்னு எதிர்ச் சுவத்துல.”

“வாசல்ல போட்டா பாதையில நடக்கிறவங்களுக்கும் உதவுமே?”

“எனக்கு உள்ளேதான் வேணும்.”

“கல்யாண மண்டபம் ஜோடிக்கிறார்” என்று முணுமுணுத்தான் லைன்மேன்.

“தம்பி, இன்னும் கீழே இறக்கு. தலைக்கு மேல வெச்சா மூஞ்சில நிழல் விழும்.”

“விழுந்தா என்னண்ணே? படமா எடுக்கப் போறீங்க?”

கழுதைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளவு பார்த்து, “இங்கே” என்று சுவரில் விரலை வைத்தார்.

வேலை முடிந்தபோது வெளியே மலை கறுத்திருந்தது. இன்ஜினியர் ஸ்விட்சைத் தட்டினாள். அறை பளிச்சென்று விழித்துக்கொண்டது. வாசலில் நின்ற கூட்டம் ‘ஹோ’வென்று கத்தியது.

கழுதைக்காரர் பல்பை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்த இன்ஜினியர் பையில் சாமான்களைத் திணித்தாள். “வாயைத் திறந்து ஒரு நன்றி இல்ல. ஏன் நர்ஸ், ஊரே சேர்ந்து அந்த ஆளுக்கு இப்படியா பயப்படறது?”

“பயமா?” நர்ஸ் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “கொஞ்சம் உள்ளே பாருங்க மேடம்.”

இன்ஜினியர் எட்டிப் பார்த்தாள்.

மனைவியின் கைகள் பறந்துகொண்டிருந்தன. விரல்கள் விரிந்தன, மடங்கின, கன்னத்தைத் தொட்டு விலகின. கயிறு இழுத்துக் காய்த்துப்போன அவர் கைகளும் பதிலுக்கு அசைந்தன. நடுவில் அவர் இடுப்பில் கை வைத்து, மூக்கை விடைத்து, முறைத்துக் காட்டினார்.

அவர் நடித்துக் காட்டுவது தன்னைத்தான் என்று இன்ஜினியருக்குத் தெரிந்தது. அந்த அம்மா சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“அண்ணிக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது” என்றாள் நர்ஸ் மெதுவாக. “அவர் முன்னாடி அதைச் சொன்னா, பரிதாபப்படறோம்னு கோபம் வந்துடும். லைட் வரப்போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே முதல் வீடு இதுதான்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சுட்டோம்.”

“எதுக்கு இதுதான்?”

“மத்த நாள்ல விடியறதுக்கு முன்னாடி கழுதைங்களோட கீழே போனார்னா, திரும்பி வரும்போது இருட்டிடும். சிம்னி விளக்கு வெளிச்சத்துல கை எது, நிழல் எதுன்னே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, வேலை முடிஞ்சு வந்த மனுஷன் பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்தை பேசறது இன்னிக்குத்தான் மேடம்.”